பாலைப்பால்

கச்சான் கிளம்பி ஒன்பதாம் நாள்
குடும்பிமலைக்கு இப்பால்
வாய்க்கால் வற்றிய மூலையில்
பாலை பழுத்திருக்கு என்று
முதலில் சொன்னது மூக்கு.

பட்டியை மேயவிட்டு நடந்தேன்.
போன வருசம் இந்த மரம்
ஒரு பழமும் தரவில்லை.
அதற்கு முந்தின வருசம்
விரல் விட்டு எண்ணலாம்.
மரத்துக்கும் மனசு வரவேணும் என்பார் பேரின்பம்.
வட்டிக்குக் கொடுக்கிறவர்,
அவருக்குத் தெரியும்.

இந்த முறை மனசு வந்திருக்கு.
இலை தெரியவில்லை,
கொப்பெல்லாம் மஞ்சள் தூங்குது.

விடியலில் இருவாய்க்குருவி.
அலகு நுனியால் பழத்தைக் கிள்ளி
மேலே எறிந்து தொண்டையால் பிடிக்கும்.
ஏழுக்கு ஒன்று தவறும்.
கீழே நிற்கிற புள்ளிமான்
அண்ணாந்து பார்ப்பதில்லை,
விழுகிற சத்தம் அதற்குப் போதும்.
வெயில் ஏற மந்திக் கூட்டம்,
கடித்ததில் பாதியை எறியும்,
எறிந்ததைப் பன்றி கிண்டும்,
பன்றி விட்டதில் எறும்பு ஏறும்.
எறும்பு முந்துவதற்குள்
நான் குனிய வேணும்.

இரவு யாருடையது என்று
அடிமரத்தில் எழுதியிருக்கு:
ஐந்து ஐந்தாய் நகக்கீறல்,
பழசின் மேல் புதுசு.
புதுசில் இன்னும் பால் காயவில்லை.

கரடி இருந்துவிட்டுப் போனதைக்
கம்பால் கிண்டினேன்.
மாட்டுக்காரனுக்கு இதில் என்ன அருவருப்பு?
முழுக்கக் கொட்டை.
குளித்து வந்த பிள்ளைகள் மாதிரி
மினுமினுவென்று.
இருநூற்றிப் பதினாறு வரை எண்ணினேன்,
மறுகா மாடு கத்தியது, விட்டுவிட்டேன்.
நான் விற்கிற பழத்தின் கொட்டை
செங்கலடிச் சந்தியில்
தார் றோட்டில் அல்லவா துப்புப்படுகுது.

வடக்குப் பக்கம் மட்டும் வானம் தெரியும்.
அங்கே இருந்த கொப்பை
மூன்று வருசத்துக்கு முன் வெட்டினது நான்.
ஏறத் தெரியாமல் இல்லை.
பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள்,
ஏறிப் பறித்தால் நாலு நாள்.
பாலை வைரம், கோடரி
இரும்பில் பட்டதுபோல் திரும்பித் தெறித்தது.
உச்சி சாய்ந்த பிறகுதான் விழுந்தது.
ஆறு வாளிப் பழம்.
ஓட்டமாவடியில் மீராலெவ்வை நாநா
கிளாஸ் கணக்கில் அளந்து விற்றார்.
கொப்பு வெட்டிக் கொப்பி வாங்கினேன்.
சப்பாத்து ஒரு சோடி.
மிச்சத்துக்கு மீன்.

அன்றிரவு வாடியில் படுத்திருந்தேன்.
கரடி ஏறுகிற சத்தம்
மரப்பலகையை ஆரோ பிறாண்டுகிற மாதிரி வரும்.
வந்தது.
நின்றது.
பழகின வழி அதற்கு,
பார்த்து நடக்கிறதில்லை இருட்டில்.
இல்லாத கொப்பில் கால் வைத்திருக்க வேணும்.

நெல்மூட்டை விழுகிற சத்தம்.
நாய் கூடக் குரைக்கவில்லை.
கனநேரத்துக்குப் பிறகு ஒரு முனகல்,
அதற்குப் பிறகு
திரும்பவும் பலகையைப் பிறாண்டுகிற சத்தம்
கீழிருந்து.

நான் போர்வையை இழுத்து மூடினேன்.
மீன் குழம்பு நெஞ்சைக் கரித்தது.

இன்றைக்கு வெட்டுவாயில்
முழம் நீளத்துக்கு நாலு துளிர்.
காய் இல்லை.
அதைப் பார்த்துக்கொண்டே
கைநிறையப் பழம் வாயில் போட்டேன்.
தேனைக் காய்ச்சிய இனிப்பு,
பின்னால் வருகிற பிசின்.

வன இலாகாப் பெடியன் ஒருத்தன்
வெள்ளைப் பெயின்ற் டின்னோடு வந்தான்.
மரத்தைச் சுற்றினான், நூல் பிடித்து அளந்தான்,
நூற்றி நாற்பத்தொன்று என்று இலக்கம் எழுதினான்.
பெயின்ற் வழிந்து நகக்கீறலுக்குள் இறங்கியது.
மேலே பார்த்தான்.
"இந்தக் கொப்பை வெட்டினது ஆர் அண்ண?"

வாயைத் திறக்கப் பார்த்தேன்.
மேலுதடு கீழுதட்டில் ஒட்டிவிட்டது.

பாவம், நல்ல பெடியன்.
சிரித்துக்கொண்டு
தன் தண்ணிப் போத்தலை நீட்டினான்.
வாங்கிக் கழுவினேன்,
இரண்டு தரம்.
பாலைப்பால் தண்ணிக்குப் போகாது.